பில் யார் மேஜையில் நிற்கிறது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வேலையை விட்டுவிட்டுத் தனியாகத் தொழில்நுட்ப ஆலோசகர் ஆவது பற்றி உங்கள் வேலைவாய்ப்புப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். ஆறு மாதச் செலவுக்குப் பணம் சேர்த்து வையுங்கள், தெரிந்தவர்களிடம் சொல்லி வையுங்கள், துணிந்து இறங்குங்கள் என்று எழுதியிருந்தது. சரிதான். நானும் 17 ஆண்டுகள் ஒரு நிறுவனத்தின் தரவுத்தளங்களைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, நான்கு ஆண்டுகளுக்கு முன் அப்படித்தான் வெளியே வந்தேன். அந்தக் கட்டுரையில் விட்டுப்போன இரண்டு விஷயங்களைச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது: கட்டணம் வைப்பதும், பில்லுக்குப் பணம் வருவதும்.

முதலில், நாள் கணக்கு. ஆண்டுச் சம்பளத்தை 260ஆல் வகுத்து, வந்ததை என் ஒரு நாள் கட்டணமாகச் சொல்லிவிட்டேன். இந்தத் தவறைப் பலரும் செய்கிறார்கள். 365 நாளில் வார விடுமுறை 104 போனால் 261. பண்டிகை, காய்ச்சல், வீட்டுக் காரியங்கள் எல்லாம் போக, முதல் ஆண்டில் 225 நாள் வேலை பார்த்திருப்பேன். ஆண்டுக் கடைசியில் நோட்டை எடுத்துக் கூட்டிப் பார்த்தால், பில் போட முடிந்தது 118 நாள்தான். மற்ற நாட்களிலும் சும்மா இருக்கவில்லை. பேச்சுவார்த்தை, மதிப்பீடு எழுதுவது, வராமல் போன வேலைக்காக மூன்று முறை நேரில் போய் வந்தது, மென்பொருள்களின் புதிய பதிப்புகளைப் பற்றிப் படிப்பது என்று அந்த நாட்கள் கரைந்துவிட்டன. காப்பீடும் ஓய்வுக்கால சேமிப்பும் மடிக்கணினியும் இனி நம் கைக்காசு. ஆக, பாதி நாளை விற்று முழு ஆண்டும் வாழ வேண்டும். கட்டணத்தை அதற்கேற்ப வைக்க வேண்டும்.

இதையாவது ஓர் ஆண்டில் கற்றுக்கொண்டுவிடலாம். அடுத்ததுதான் என்னைப் படுத்தியது.

முதல் பெரிய வேலை ஒரு நடுத்தர நிறுவனத்தில். இரவில் ஓடும் விற்பனை அறிக்கை ஆறு மணி நேரம் எடுத்து, காலையில் ஊழியர்கள் வந்த பிறகும் முடியாமல் கணினிகளை மந்தமாக்கிக்கொண்டிருந்தது. போய்ப் பார்த்தால், நான்கு கோடி வரிகள் கொண்ட அட்டவணையை ஒவ்வொரு முறையும் தலை முதல் கால் வரை படிக்கிறது. தேதிப் பத்தியில் இண்டெக்ஸ் இல்லை; புத்தகத்தின் பின்னால் வரும் சொல்லடைவு போல, வேண்டியதை நேராகப் போய் எடுக்க உதவுவது அது. அதைச் சேர்த்து, தரவைக் கேட்டெடுக்கும் கட்டளையைக் கொஞ்சம் திருத்தி எழுதியதும் 11 நிமிடத்தில் முடிந்தது. என்னை அழைத்த மேலாளருக்கு அவ்வளவு சந்தோஷம். "அப்படியே பேக்கப்பையும் ஒரு பார்வை பார்த்துடுங்க சார்" என்றார். பார்க்கிறேன் என்றேன்.

பேக்கப், அதாவது தரவின் காப்பு நகல் எடுக்கும் வேலை, தினமும் ஓடிக்கொண்டுதான் இருந்தது. 'வெற்றி' என்று பச்சை எழுத்தில் செய்தியும் வந்துகொண்டிருந்தது. அந்த நகலை எடுத்து ஒரு காலி சர்வரில் ரீஸ்டோர் செய்து, அதாவது தரவை மீட்டெடுத்துப் பார்த்தேன். பாதியில் நின்றது. முந்தைய வாரத்துக் கோப்பும் நின்றது, அதற்கு முந்தையதும். வட்டு பழுதாகியிருந்தால் அந்த நிறுவனத்தின் கணக்கு முழுக்கப் போயிருக்கும். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. ஆரம்பத்திலிருந்து சரிசெய்து, வாரம் ஒரு முறை தானாக ரீஸ்டோர் செய்து சோதிக்கும்படி அமைத்துக் கொடுக்க 11 நாள் ஆனது.

பில் அனுப்பினேன். 19 நாள் கழித்து அக்கவுண்ட்ஸ் பிரிவிலிருந்து ஒரு வரி வந்தது: "பர்ச்சேஸ் ஆர்டர் எண் குறிப்பிடவும்." வேலையைக் கொடுத்ததற்கு நிறுவனம் எழுத்தில் தரும் ஆணைதான் பர்ச்சேஸ் ஆர்டர். எண் எங்கே இருக்கிறது? அறிக்கை வேலைக்கு இருந்தது. பேக்கப்புக்கு வாய்ச்சொல் மட்டும்தான். இதற்குள் என்னை அழைத்த மேலாளர் வேறு பிரிவுக்குப் போய்விட்டார். புதிதாக வந்தவருக்கு நான் யாரென்றே தெரியாது. யாரும் ஏமாற்ற நினைக்கவில்லை, அதை நான் இன்றும் நம்புகிறேன். காகிதம் இல்லாததைத் தொட அவர்களுக்கு வழியில்லை. அறிக்கை வேலைக்கான பணம் 97ஆம் நாள் வந்தது. அந்த 11 நாளுக்கு இன்றுவரை வரவில்லை.

அந்தக் காத்திருப்பில் ஒரு பழைய நினைவு வந்து உறுத்தியது. நான் வேலையில் இருந்தபோது, நெட்வொர்க் வேலைக்கு வந்த ஒரு தனி ஆலோசகரின் பில் என் ஒப்புதலுக்காக மூன்று வாரம் கிடந்தது. திரையில் ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். வேலை நெருக்கடி, அப்புறம் பார்க்கலாம் என்று தள்ளிக்கொண்டே போனேன். அவர் இரண்டு முறை மிகப் பணிவாக நினைவூட்டினார். அந்தப் பணிவுக்குப் பின்னால் என்ன இருந்திருக்கும் என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை. மாதக் கடைசியில் சம்பளம் தானாக வந்து விழுகிறவனுக்கு அது எப்படி உறைக்கும்?

சட்டம் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறதுதான். நியூயார்க் நகரில் 2017 முதல், குறிப்பிட்ட தொகையைத் தாண்டும் வேலைக்குத் தனியாளுடன் எழுத்து ஒப்பந்தம் போட வேண்டும். அதில் தேதி சொல்லாவிட்டால் வேலை முடிந்து 30 நாளுக்குள் பணம் தர வேண்டும். இந்தியாவில் 2006ஆம் ஆண்டுச் சட்டம், பதிவு செய்துள்ள குறு, சிறு தொழில்களுக்கு அதிகபட்சம் 45 நாள் என்கிறது. ஆனால் நாளைக்கு இன்னொரு வேலை தரக்கூடிய நிறுவனத்தின் மேல் வழக்குப் போடுகிற தனியாளை நான் இதுவரை பார்த்ததில்லை.

இப்போது பர்ச்சேஸ் ஆர்டர் எண் கைக்கு வராமல் நான் கணினியைத் தொடுவதில்லை. வேலை தொடங்கும் முன் 30 சதவீதம் முன்பணம் கேட்கிறேன். என்னை அழைத்தவர் மாறிப் போனால் யாரிடம் பேச வேண்டும் என்று இன்னொரு பெயரையும் வாங்கிக்கொள்கிறேன். "இதையும் பார்த்துடுங்க" என்றால், அதே நாளில் நான்கு வரி மின்னஞ்சல் எழுதி, என்ன வேலை, எத்தனை நாள், எவ்வளவு என்று ஒப்புதல் வாங்கிய பிறகுதான் அடுத்த அடி. முகம் சுளிப்பார்கள் என்று பயந்தேன். பெரும்பாலோர் உடனே 'சரி' என்று பதில் போட்டுவிடுகிறார்கள்.

வெளியே வரப்போகிறவர்களுக்கு அறிவுரை சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். உள்ளே உட்கார்ந்து பில்லுக்கு ஒப்புதல் தருகிறவர்களிடம் யாரும் எதுவும் சொல்வதில்லை. அடுத்த முறை இப்படி ஒரு கட்டுரை வெளியிடும்போது, அவர்களில் ஒருவரிடமும், அக்கவுண்ட்ஸ் பிரிவில் இருக்கும் ஒருவரிடமும் பேசி வெளியிடுங்கள். ஒரு பில் எந்த மேஜையில், எதற்காக நிற்கிறது என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

இப்படிக்கு,
தரவுத்தள ஆலோசகராக இருக்கும் ஒரு வாசகர்