ப்ளூகில்லுக்குப் பசியில்லையாம்!

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற இதழில் அமெரிக்க ஏரிகளில் ஃப்ளை (பூச்சி போலக் கட்டிய செயற்கை இரை) தூண்டில் போட்டு ப்ளூகில் என்ற சிறிய நன்னீர் மீனைப் பிடிப்பது பற்றிய கட்டுரையில் இப்படி ஒரு வரி: "மீன் அருகே வந்து பார்த்துவிட்டுத் திரும்பினால் அதற்குப் பசியில்லை, இடத்தை மாற்றிக்கொள்ளுங்கள்." எழுதியவர் கரையில் நின்று ஒருமுறை தண்ணீருக்குள் எட்டிப் பார்த்திருக்கலாம்.

ப்ளூகில் இரை தேடும் முறையே அதுதான். நீந்தும், நிற்கும், பார்க்கும். ஒன்றும் தென்படாவிட்டால் சற்றுத் தள்ளிப் போய் மறுபடி நிற்கும். ஃப்ளைக்கு ஒரு சாண் தூரத்தில் மார்புத் துடுப்புகளை மட்டும் அசைத்துக்கொண்டு அந்தரத்தில் நிற்கும். அதே துடுப்புகளால் பின்வாங்கவும் செய்யும். ஃப்ளை மூழ்கினால் மூக்கைக் கீழே சாய்த்துக்கொண்டு கூடவே இறங்கும். பசியில்லாத மீனுக்கு இவ்வளவு பாடு எதற்கு என்று உங்கள் கட்டுரையாளரைக் கேட்டுச் சொல்லுங்கள்.

அது திரும்பிப் போவதற்குப் பெரும்பாலும் நம் கைதான் காரணம். காற்று லைனை வளைத்து இழுத்தால் மிதக்கும் ஃப்ளையும் இழுபடும். நிஜப் பூச்சி அப்படி நகராது. விழுந்த இடத்தில் வட்ட அலைகள் அடங்கும்வரை தொடாமல் விட்டு, பிறகு ஒரே ஒரு சின்னத் துடிப்புக் கொடுத்து நிறுத்த வேண்டும். இரண்டாவது, அளவு. இதன் வாய் சிறியது. 10 அல்லது 12ஆம் எண் முள் சரி (எண் கூடக் கூட முள் சிறிதாகும்). 6ஆம் எண்ணில் கட்டிய பாப்பரை (மேற்பரப்பில் மிதக்கும் ஃப்ளை) மூடிய வாயால் முட்டிவிட்டுப் போய்விடும். அதன் ரப்பர் கால்கள் நீண்டிருந்தால் நுனியை மட்டும் கவ்வி இழுக்கும். கோலைத் தூக்கினால் வெறும் முள்தான் வரும். கால்களை முள்ளின் நீளத்துக்குக் கத்தரித்துவிட்டால் அந்தத் தொல்லை பாதியாகக் குறையும்.

மூழ்கும் ஃப்ளையில் கதை வேறு. ப்ளூகில் கடிப்பதில்லை, தண்ணீரோடு உறிஞ்சும். பிடிக்காவிட்டால் கண் இமைப்பதற்குள் துப்பிவிடும். லைன் தொய்ந்திருந்தால் இரண்டுமே நமக்குத் தெரியாது. "மீனே இல்லாத ஏரி" என்று வீடு திரும்புகிறவர்களில் பலர் அன்று பத்து முறை துப்பப்பட்டவர்கள். தொய்வை எடுத்துவிட்டு, லைனின் நுனி சற்று நின்றாலோ ஒருபக்கம் போனாலோ கோலை மெல்ல உயர்த்தினால் போதும். வெடுக்கென்று இழுத்தால் வாயிலிருந்தே பிடுங்கிவிடுவோம்.

அதே கட்டுரையில் "முட்டையிடும் குழிகளில் எளிதாக அள்ளலாம்" என்றும் ஒரு யோசனை. அள்ளலாம்தான். குழியில் காவலிருக்கும் ஆண் ஃப்ளையை அடிப்பது பசிக்காக அல்ல, விரட்டுவதற்காக. அதைத் தூக்கிவிட்டால் சுற்றிக் காத்திருக்கும் மீன்கள் சில நிமிடங்களில் முட்டைகளைத் தின்று தீர்த்துவிடும். பெரிய ஆண்களையே தொடர்ந்து எடுத்தால், சிறிய ஆண்கள் வளர்வதை விட்டு இளம் வயதிலேயே இனப்பெருக்கத்தில் இறங்கிவிடும். ஏரி முழுக்க உள்ளங்கை அளவு மீன்தான் மிஞ்சும். கனடாவின் ஒபினிகான் ஏரியில் ஓர் ஆண் குழி கட்டிக் காவலிருக்கும் பருவம் அடையச் சுமார் 7 ஆண்டுகள் ஆகின்றன.

படத்துக்கு நீங்கள் போட்ட "ஓர் ஆணும் இரு பெண்களும்" என்ற வரியையும் சொல்லாமல் விட முடியவில்லை. ப்ளூகில்லில் பெண்ணைப் போலவே நிறமும் நடையும் கொண்டு ஜோடிக்கு நடுவே புகுந்துகொள்ளும் ஆண்கள் உண்டு. காவல்கார ஆணையே ஏமாற்றும் அந்த வேடத்தை ஒரு புகைப்படத்திலிருந்து கண்டுபிடித்த உங்கள் உதவி ஆசிரியருக்கு என் வாழ்த்துகள்.

இது முதல் முறையும் அல்ல. முன்பொருமுறை ஃப்ளையை "ஈ" என்று மொழிபெயர்த்து, முள்ளில் ஈயைக் குத்தச் சொன்னீர்கள். அது இறகும் நூலும் ரோமமும் கொண்டு முள்ளின்மேல் கட்டுவது. இன்னொரு முறை இந்த மீனை "அமெரிக்க ஜிலேபிக் கெண்டை" ஆக்கினீர்கள். ஜிலேபியும் குழி பறிக்கும், ஆனால் பெண் முட்டைகளை வாயில் வைத்துக் காக்கும். இங்கே ஆண் குழியிலேயே நின்று வாலால் விசிறிக் காக்கும். "5 கிலோ வரை வளரும்" என்றும் எழுதினீர்கள். 1950இல் அலபாமாவின் கெட்டோனா ஏரியில் பிடிபட்ட சாதனை மீனே 4 பவுண்டு 12 அவுன்ஸ்தான், அதாவது சுமார் 2 கிலோ 150 கிராம். அப்போது நான் அனுப்பிய திருத்தம் இடமின்மையால் வெளிவரவில்லை என்று நம்புகிறேன். அதே பக்கத்தில் ராசிபலனுக்கு இடம் இருந்தது.

பெரிதாக எதையும் கேட்கவில்லை. அடுத்த இதழில் ஒரு மூலையில் இரண்டு வரி போதும்: "பார்த்துவிட்டுத் திரும்பும் ப்ளூகில்லிடமிருந்து இடத்தை மாற்ற வேண்டாம், ஃப்ளையை ஓர் அளவு சிறியதாக்குங்கள். குழியில் நிற்கும் மீனை விட்டுவிடுங்கள்." இந்த முறை ராசிபலனுக்குக் கீழே போட்டாலும் பரவாயில்லை.

இப்படிக்கு,
நெடுநாள் சந்தாதாரர்,
இல்லினாய்ஸ்