குற்ற நகைச்சுவைப் படங்களுக்கு நிதி ஒதுக்குவோருக்கு ஒரு திறந்த மடல்

ஜெர்மன் மாநிலத் திரைப்பட நிதியங்களின் தேர்வுக் குழுவினருக்கு,

வணக்கம். ஹாம்பர்க், ஷ்லெஸ்விக்-ஹோல்ஷ்டைன் மாநிலங்களின் நிதியமான மோயின், விண்ணப்பத்தோடு, கதையிலும் படக்குழுவிலும் சிறுபான்மையினருக்கு இடம் உண்டா என்று கேட்கும் பன்முகத்தன்மைப் படிவமும் கேட்கத் தொடங்கியது 2020இல். ஜெர்மனியில் அதுவே முதல் முயற்சி, மனமார வரவேற்கிறோம். குற்ற நகைச்சுவைக்கு வரும்போது தலைகளை எண்ணினால் போதாது. சந்தேகம் யார்மேல் விழுகிறது, யார் சிரிக்க வைக்கிறார் என்றும் பார்க்க வேண்டும்.

அடிக்கடி வரும் பிழை இது: 90 நிமிடக் கதையில் முதலில் மாட்டுபவர் துருக்கிப் பூர்விகமுள்ள டோனர் கபாப் கடைக்காரர். அரைமணி நேரத்தில் நிரபராதி என்று தெரிகிறது. அதன்பின் ஆளையே காணோம். 'நல்லவராகத்தானே காட்டினோம்' என்பார்கள். பார்வையாளரைத் திசைதிருப்ப அவர் முகம் பயன்பட்டது, அவ்வளவுதான். அவர் கதைக்குள் திரும்பட்டும். அவருக்கு மட்டுமே தெரிந்த ஒரு விவரம் முடிச்சை அவிழ்க்கட்டும்.

வட்டாரக் கதைகளில் ஊர்க்காரர் யார் என்பதைப் பேச்சுவழக்குதான் சொல்கிறது. தெற்கு ஜெர்மனியின் பவேரியக் கிராமமே தன் பேச்சுவழக்கில் பேச, துருக்கிப் பெயருள்ள பெண் மட்டும் உடைந்த ஜெர்மனில் பேசுகிறாள். துருக்கியிலிருந்து தொழிலாளர்களை ஜெர்மனிக்கு வரவழைக்கும் ஒப்பந்தம் கையெழுத்தானது 1961இல். மியூனிக் ரயில் நிலையத்தின் 11ஆம் நடைமேடையில் வந்திறங்கியவர்களின் பேரப்பிள்ளைகள் பவேரிய வழக்கிலேயே சண்டை போடுகிறார்கள். நடிகர் தேர்வு அறிவிப்பில் பூர்விகத்துக்கு முன்னால் வட்டார வழக்கைக் குறிப்பிடும்படி தயாரிப்பாளர்களிடம் சொல்லுங்கள்.

கேலியே கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. 'டாட்டோர்ட்' என்ற ஜெர்மன் தொலைக்காட்சிக் குற்றத் தொடரில், மூன்ஸ்டர் நகரில் நடக்கும் படங்கள் 2002இல் தொடங்கின. அவற்றில் உயரம் குறைந்த உதவியாளர் சில்கே ஹாலரை, பிரேதப் பரிசோதனை செய்யும் பேராசிரியர் 'ஆல்பெரிக்' என்ற புராணக் குள்ளனின் பெயரால் அழைக்கிறார். ஹாலரும் சூட்டோடு திருப்பிக் கொடுக்கிறார். அவரில்லாமல் பிரேதப் பரிசோதனைக் கூடமே ஓடாது. பதிலடியை எடுத்துவிட்டால் அந்தப் பட்டப்பெயர் வெறும் அவமானம். ஆகவே திரைக்கதையை இரண்டு நிறப் பேனாக்களோடு வாசியுங்கள்: சிரிக்க வைப்பவருக்கு நீலம், கேலிக்கு ஆளாகிறவருக்குச் சிவப்பு. சிறுபான்மைப் பாத்திரத்தின் பக்கங்களெல்லாம் சிவப்பாகவே இருந்தால் திருத்தச் சொல்லித் திருப்பி அனுப்புங்கள்.

கடைசியாக, பணம். பெரும்பாலும் பன்முகத்தன்மை ஆலோசகரை அழைப்பது படப்பிடிப்புப் பிரதி உறுதியான பிறகு. இடமும் தேதியும் முடிவானபின் ஒரு காட்சியை மாற்றினாலும் செலவு. அதனால் வசனத்தில் நாலு சொல்லை மாற்றுவதோடு நின்றுவிடுகிறது. கதைச்சுருக்க நிலையில் மாற்றத்துக்குச் செலவே இல்லை. எழுத்து மானியத்திலேயே ஆலோசகர் கட்டணத்தைத் தனிச் செலவினமாகச் சேருங்கள்.

இப்படிக்கு,
திரைக்கதை வாசிப்பாளர்கள்