பழைய துணிக்கு விலை வையுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கிறிஸ்துமஸ் நெருங்கினால் பெங்களூரில் சிவாஜிநகர், பிரேசர் டவுன், லிங்கராஜபுரம், ஆஸ்டின் டவுன் பக்கத்துக் கோயில்களில் பழைய துணி சேர்த்து, ஒரே நாளில் இலவசமாகக் கொடுத்து முடிப்பது வழக்கமாகிவிட்டது. கத்தோலிக்கப் பங்கானாலும் சி.எஸ்.ஐ. சபையானாலும் இதைக் கைவிட்டு, மாதம் இரண்டு ஞாயிறு சிறு விலைக்கு விற்கும் கடையாக நடத்தலாம். கன்டோன்மென்ட் பக்கம் 'ஜம்பிள் சேல்' என்ற பழைய பொருள் விற்பனை தெரியாதவர் இல்லை. ஆண்டுக்கு ஒருமுறை நடப்பதை அடிக்கடி, ஒழுங்காக நடத்தச் சொல்கிறோம், அவ்வளவுதான்.

இலவசம் என்றால் முண்டியடித்து முன்னால் நிற்பவர் கைக்கு வந்ததை அள்ளிக்கொண்டு போகிறார். அளவு பார்க்க நேரம் கிடைப்பதில்லை. பொருந்தாததெல்லாம் மறுநாள் தெருமுனைக் குப்பையில் கிடக்கும். பிள்ளைக்குச் சட்டை தேடி வந்தவர் வெறுங்கையோடு திரும்பியிருப்பார். குழந்தைத் துணி பத்து ரூபாய், சட்டை இருபது, புடவை ஐம்பது என்று வைத்தால் பிரித்துப் பார்த்து, தோளில் வைத்து அளந்து, பேரம் பேசித் தேவையானதை மட்டும் எடுப்பார்கள். பேரம் பேசுவதைத் தடுக்க வேண்டாம். வாங்க வந்தவருக்கு அந்த உரிமை உண்டு.

பத்து ரூபாயும் இல்லாதவர் என்ன செய்வார் என்று கேட்பார்கள். 1833இல் பாரிஸில் தொடங்கிய வின்சென்ட் தே பவுல் சபையின் கிளைகள் நம் பங்குகளில் இருக்கின்றன. வீடு வீடாகச் சென்று ஏழைக் குடும்பங்களைப் பார்ப்பதே அவர்கள் வேலை. கூப்பன் அச்சடித்து அவர்கள் கையில் கொடுத்துவிடலாம். ஆனால் அந்தக் கூப்பனை ஏழைக்கு மட்டும் என்று வைக்கக் கூடாது. காசு கொடுப்பவரும் வாசல் மேசையில் கூப்பன் வாங்கிக்கொண்டுதான் உள்ளே வர வேண்டும். துணி மேசையில் யார் காசு கொடுத்தார், யார் கொடுக்கவில்லை என்று தெரியாது. பணமும் ஒரே இடத்தில் இருப்பதால் கணக்கு உதைக்காது. அன்றைய வசூலை இருவர் எண்ணிக் கையெழுத்திட்டு அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிட்டால் முணுமுணுப்புக்கும் இடமில்லை.

கடை நன்றாக நடப்பதும் கெடுவதும் துணி வாங்கிக்கொள்ளும் இடத்தில்தான். பூசை முடிந்து ஒரு மணி நேரம் மட்டும், பையைத் திறந்து பார்த்து வாங்குங்கள். இரவில் கேட்டில் வைத்துவிட்டுப் போகும் மூட்டைகளில் உள்ளாடை, உறையில்லாத தலையணை, ஒற்றைச் செருப்பு எல்லாம் இருக்கும். நல்ல புடவை பாத்திரக்காரரிடம் எவர்சில்வர் டப்பாவாக மாறியபின் மிஞ்சியதே கோயிலுக்கு வருகிறது என்பது பழகியவர்களுக்குத் தெரியும்! "இது வேண்டாம்" என்று முகத்துக்கு நேரே சொல்லக் கூச்சப்படாத ஒருவரை அந்த மேசையில் உட்கார வையுங்கள்.

தரம் பார்ப்பதில் சில நுணுக்கங்கள் உண்டு. பேன்டைப் பின்பக்கம் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்; நூல் நூலாகத் தெரிந்தால் ஒரு மாதம்கூடத் தாங்காது. ஜிப்பை இரண்டு முறை ஏற்றி இறக்குங்கள். எலாஸ்டிக்கை இழுத்தால் நொறுங்கும் சத்தம் வந்தால் ரப்பர் செத்துவிட்டது, ஆனால் மாற்றித் தைத்துவிடலாம். பட்டுப் புடவையை முழுக்க விரித்துப் பார்க்க வேண்டும்; வருடக்கணக்கில் மடிப்பு மாற்றாமல் பீரோவில் இருந்தால் மடிப்புக் கோட்டிலேயே இற்றுப்போயிருக்கும். ரவிக்கையில் உள்தையலுக்கு எவ்வளவு துணி விட்டிருக்கிறது என்று பாருங்கள். பக்கத்துக்கு ஒரு அங்குலம் இருந்தால் பிரித்துப் பெரிதாக்கலாம். இல்லாவிட்டால் விற்பது கடினம்.

அதிகம் ஏமாற்றுவது ஷூ. பரணில் பெட்டியோடு கிடந்தது பளபளவென்று புதிதாகத் தெரியும். பாலியூரித்தேன் என்ற ஒருவகை பிளாஸ்டிக்கால் ஆன அடிப்பாகம் காற்றிலுள்ள ஈரத்தால் உள்ளுக்குள்ளேயே சிதைந்துவிடுவதால், போட்டு நடந்த அன்றே மாவாக உதிரும். விரலால் அழுத்தி, இரண்டாக வளைத்துப் பார்த்து, வெடிப்பு விடாவிட்டால் மட்டும் வாங்குங்கள். ஜோடியின் லேஸைச் சேர்த்துக் கட்டி வைக்காவிட்டால் மாலைக்குள் ஒன்று காணாமல் போகும்.

விற்காமல் மிஞ்சும் கிழிசலில் பருத்தியைத் தனியே பிரித்தால் மெக்கானிக் ஷெட்டுக்குத் துடைப்புத் துணியாகப் போகும். பாலியெஸ்டரை யாரும் கேட்பதில்லை. கம்பளித் துணிக்கு வடக்கே பானிபட்டில் தொழிலே இருக்கிறது. கிழித்துப் பஞ்சாக்கி மறுபடி போர்வை நெய்கிறார்கள். 1999இல் டெல்லியில் தொடங்கிய கூஞ்ச் அமைப்பு இன்னொரு வழி காட்டியிருக்கிறது. ஊர் மக்கள் கிணறோ பாதையோ தங்களுக்கு வேண்டியதைச் செய்துகொண்டால், அந்த உழைப்புக்கு வெகுமதியாகத் துணி கொடுக்கிறார்கள். பழைய பருத்தித் துணியைச் சுத்தம் செய்து மாதவிடாய்க்கான துணியாகவும் தைக்கிறார்கள். அதன் நிறுவனர் அன்ஷு குப்தா 2015இல் மகசேசே விருது பெற்றார்.

இருப்பு வைப்பதில் ஒரே எதிரி ஈரம். பெங்களூரில் ஜூன் முதல் அக்டோபர் வரை மழை. அரைகுறையாகக் காய்ந்த துணியை பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டினால் இரண்டே வாரத்தில் பூஞ்சை பிடிக்கும், அந்தக் கறை போகாது. பழைய பெட்ஷீட்டில் மூட்டை கட்டி, சுவரை ஒட்டாமல், பலகை மேல் அடுக்குங்கள்.

மருந்து வாங்கவே வேண்டாம். வெட்டிய அட்டையில் காலாவதித் தேதி இருக்காது. வாக்கர், சக்கர நாற்காலி வந்தால் விற்காமல், திருப்பித் தரும் முன்பணம் வாங்கி இரவல் கொடுங்கள். வாக்கரின் அடி ரப்பரை முதலில் மாற்றுங்கள். கையைத் தொங்கவிட்டு நேராக நிற்கும்போது கைப்பிடி மணிக்கட்டுக்கு வர வேண்டும்.

பணமாகக் கொடுக்க நினைப்பவர்களுக்கு: 80ஜி என்று நாம் பழகிய வருமான வரிச்சலுகை பொருளாகக் கொடுத்ததற்குக் கிடையாது. 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தாலும் கிடையாது. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளை இந்தியக் குடிமகனாக இருந்து, தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் சிக்கல் இல்லை. அந்நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டவர் அனுப்புவது வெளிநாட்டு நன்கொடை, எஃப்.சி.ஆர்.ஏ. என்ற வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படி பதிவோ முன் அனுமதியோ இல்லாத அமைப்பு அதைத் தொடக் கூடாது.

விலைப்பலகையைத் தமிழோடு கன்னடத்திலும் இந்தியிலும் எழுதுங்கள். வாங்க வருபவர்களில் வடகர்நாடகத்திலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த கட்டடத் தொழிலாளர்கள் நிறைய. அவர்களுக்கு வேண்டியது முழுக்கைச் சட்டையும் போர்வையும்; கூரை போடாத கட்டடத்தில் ஜனவரி இரவைக் கழிப்பவர்கள் அவர்கள். பள்ளிச் சீருடைக்குத் தனி மேசை வேண்டும், பள்ளிவாரியாகப் பிரித்து. அதை மே முதல் ஞாயிறே போட்டுவிட வேண்டும். பள்ளி திறந்தபின் போட்டால், வாங்கியிருக்க வேண்டியவர்கள் அதற்குள் வட்டிக்கு வாங்கிப் புதிது எடுத்திருப்பார்கள்.

இப்படிக்கு,
பழைய துணி விற்பனைத் தொண்டர்கள்,
லிங்கராஜபுரம், பெங்களூரு.