உருண்டைத் தடியும் சதுரக் கணக்கும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குழந்தைகளின் கற்பனைத் திறனைப் பற்றிச் சென்ற வாரம் தங்கள் இதழில் வெளிவந்த கட்டுரையை இருமுறை படித்தேன். பிள்ளைகளைத் தடுக்காமல் கேள்வி கேட்கவிட வேண்டும் என்று அதில் சொல்லியிருப்பதில் எனக்கு மறுப்பே கிடையாது. ஆனால், வியப்பும், புதிதாக ஒன்றைச் செய்துபார்க்கும் ஆசையும் பால்பற்களைப் போலக் குறித்த வயதில் தாமாக உதிர்ந்துவிடுபவை என்று கடைசிப் பத்தியில் கண்டதை என்னால் ஏற்க முடியவில்லை. நாலு பேர் என்ன நினைப்பார்களோ என்ற கூச்சத்தால் நாமே அவற்றை அடக்கிவைக்கிறோம் என்பதை என் வாழ்க்கையிலேயே கண்டவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

செங்கோட்டையில் ஒரு மர டிப்போவில் 31 ஆண்டுகள் கணக்கெழுதி ஓய்வு பெற்றவன் நான். கோன்னி, தென்மலைப் பக்கமிருந்து மலையிறங்கி வரும் தேக்குத் தடிகளை அளந்து, சிட்டையில் குறித்து, நாள்வழியிலும் பேரேட்டிலும் ஏற்றுவது என் வேலை. தடியின் நடுவில் நாடாவைச் சுற்றி அளவெடுத்து, அந்தச் சுற்றளவை நாலால் வகுத்து, வந்ததை அதனாலேயே பெருக்கி, பிறகு நீளத்தால் பெருக்கினால் கன அடி வந்துவிடும். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஓய்வு பெறுவதற்கு முந்தைய கோடையில், விடுமுறைக்குப் புனலூரிலிருந்து வந்திருந்த என் தங்கையின் பேத்தி ஒருநாள் என்னோடு டிப்போவுக்கு வந்தாள். ஒரு தடியின் மேல் உட்கார்ந்து நான் கணக்குப் போடுவதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தவள், "தாத்தா, தடி உருண்டையாத்தான இருக்கு, நீங்க எதுக்குச் சதுரமாக் கணக்குப் போடுதீய?" என்று கேட்டாள்.

"அது அப்படித்தாம்மா" என்று சொல்லி வாயை அடைத்துவிட்டேன். அன்றிரவு தூக்கம் வரவில்லை. எழுந்து விளக்கைப் போட்டு, பழைய சிட்டையின் பின்பக்கத்தில் ஒரு வட்டம் வரைந்து, பள்ளிக்கூடத்தில் வட்டக் கணக்குக்குப் படித்த பை (π) என்ற எண்ணை நினைவுபடுத்திக்கொண்டு கணக்கைப் போட்டுப் பார்த்தேன். சுற்றளவு 48 அங்குலமும் நீளம் 10 அடியும் உள்ள ஒரு தடி எங்கள் கணக்கில் சரியாக 10 கன அடி. உருளை என்று வைத்துப் போட்டால் 12.73 கன அடி. எந்தத் தடியை எடுத்தாலும் உண்மையான கன அளவில் நூற்றுக்கு 78.5 பங்குதான் எங்கள் ஏட்டில் ஏறியிருக்கிறது. உருண்டை மரத்தை அறுத்துச் சதுரமாக்கும்போது ஓரத்தில் போகும் துண்டுகளுக்கும் தூளுக்கும் முன்கூட்டியே விட்டுக்கொடுத்த கழிவு அது. வெள்ளைக்காரர் காலத்தில் வந்த, ஹாப்பஸ் கணக்கு என்று பெயர் கொண்ட எங்கள் முறையின் சூட்சுமமே இதுதான். 31 ஆண்டுகள் அந்தக் கணக்கால் சோறு தின்ற எனக்கு அது புரிந்த இரவில் எனக்கு வயது ஐம்பத்தெட்டு. விடிந்ததும் முதல் வேலையாக அவளை எழுப்பி அந்த வட்டத்தைக் காட்டினேன்.

அதற்குப் பிறகு அவள் டிப்போவை என் கண்ணில் புதிதாக்கிவிட்டாள் என்றே சொல்ல வேண்டும். அறுபட்ட தேக்கின் முகப்பில் தண்ணீரைத் தெளித்துத் துணியால் துடைத்தால் வளையங்கள் எழும்பி வருவதை அவள்தான் எனக்குக் காட்டினாள். தேக்கு, கோடையில் இலையுதிர்த்து வளர்ச்சியை நிறுத்திக்கொண்டு, மழை வந்ததும் பெரிய துளைகளோடு புதிய மரத்தை உண்டாக்குவதால் ஆண்டுக்கொரு வளையம் துலக்கமாகத் தெரிகிறது. மழை பொய்த்த ஆண்டுகளில் அது ஒடுங்கிவிடுவதும் உண்டு. குண்டூசியை வைத்து ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டே போய், இரண்டு வளையங்கள் நூலிழைபோல் நெருங்கியிருந்த இடத்தில் அவள் நிறுத்தி, "இந்த ரெண்டு வருஷமும் மரம் பட்டினி கெடந்திருக்கு தாத்தா" என்றாள். அந்த முகப்பில்தான் நான் ஆண்டுக்கணக்காகச் சுண்ணாம்புக் கட்டியால் நம்பர் எழுதிவந்திருக்கிறேன்.

என் தொழில்காரர் ஒருவரை இங்கே நினைவுகூர விரும்புகிறேன். சர் சி. வி. இராமனை அறிவியலாளராக எல்லோரும் அறிவார்கள். அவர் 1907 முதல் 1917 வரை பத்தாண்டுகள் அரசு நிதித் துறையில் கணக்கு அதிகாரியாக இருந்தவர் என்பது எங்களைப் போன்ற கணக்கர்களுக்குத் தனிப் பெருமை. பகலில் அலுவலகம் பார்த்துவிட்டு, காலையிலும் மாலையிலும் கல்கத்தாவில் இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தின் ஆய்வுக்கூடத்தில் நரம்புக் கருவிகளின் நாதத்தை ஆராய்ந்துகொண்டிருந்தார். பிற்பாடு மிருதங்கத்தின் நாதமும் அவர் ஆராய்ச்சிக்குள் வந்தது. 1921இல் இங்கிலாந்திலிருந்து நர்குண்டா என்ற கப்பலில் திரும்புகையில், மத்தியதரைக் கடலின் நீலம் அவரைப் பிடித்துக்கொண்டது. வானத்தின் நிறம்தான் கடலில் தெரிகிறது என்ற அக்காலத்துப் பெரியவர்களின் விளக்கத்தோடு அவர் திருப்தியடையவில்லை. கையோடு வைத்திருந்த, ஒளியை வடிகட்டும் நிக்கோல் பட்டகம் ஒன்றால் நீர்ப்பரப்பின் பிரதிபலிப்பை விலக்கிப் பார்த்தார். நீலம் அப்போதும் போகவில்லை. அந்த வழியே நடந்து 1928 பிப்ரவரி 28ஆம் நாள் அவர் கண்டதற்குத்தான் 1930இல் நோபல் பரிசு கிடைத்தது. கடல் ஏன் நீலமாக இருக்கிறது என்பது நம் வீட்டுப் பிள்ளைகள் எல்லோரும் கேட்கும் கேள்வி. அதை முப்பத்திரண்டு வயதில், பேராசிரியரான பிறகும், கூசாமல் கேட்டார் அவர்.

கட்டுரையாளர் வியப்பைக் குழந்தைப் பருவத்துக்கென்றே ஒதுக்கிவைக்கிறார். தமிழ் அப்படி ஒதுக்கவில்லை. தொல்காப்பியம் எண்ணிச் சொல்லும் எட்டு மெய்ப்பாடுகளில், அதாவது உடம்பில் வெளிப்படும் உணர்ச்சிகளில், ஒன்று மருட்கை, அதாவது வியப்பு. புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம் என்ற நான்கும் அதன் நிலைக்களன்கள், அதாவது அது பிறக்கும் இடங்கள். இதுவரை காணாதது, அளவில் மிகப் பெரியது, மிக நுண்ணியது, ஒன்று வேறொன்றாக உருமாறுவது ஆகிய நான்கும் எந்த வயதுக்காரர் முன்னாலும் தினம் வந்து நிற்பவை. நாமோ பேச்சு வழக்கில் 'சின்னப்பிள்ளைத்தனம்' என்ற சொல்லை வசவாகவே வைத்திருக்கிறோம். பெரியவர் ஒருவர் தெருவில் நின்று மேகத்தை அண்ணாந்து பார்த்தால், "என்னண்ணாச்சி, உடம்புக்கு எதுவும் பண்ணுதா?" என்று கேட்கிறார்கள். எனக்கே அது நடந்திருக்கிறது.

இந்தக் கூச்சம் இல்லாதவர் எங்கள் வீட்டில் என் தாயார் ஒருவர்தான். எண்பதைத் தாண்டிவிட்டார், குனிய முடியாததால் முக்காலியில் உட்கார்ந்து கோலம் போடுகிறார். போட்ட சிக்குக் கோலத்தையே மறுநாளும் போடுவது அவருக்குப் பிடிக்காது. ஒரு புள்ளியைக் கூட்டினால் கம்பி எங்கே போய் முட்டும், எங்கே இழை அறுபடும் என்று முந்தின நாள் மாலையே விரலால் தரையில் வரைந்து பார்த்துக்கொண்டிருப்பார். சென்னை கிறித்துவக் கல்லூரியில் பேராசிரியர் கிஃப்ட் சிரோமணியும் அவரோடு சேர்ந்தவர்களும் 1970களில் கோலத்தின் இலக்கணத்தைக் கணினி அறிவியலுக்குள் கொண்டுபோய் ஆராய்ந்தார்கள் என்று தாயாரிடம் சொன்னபோது, "அப்ப அவுகளுக்கும் இழை சிக்கியிருக்கும்லா?" என்று ஆவலோடு கேட்டார். இவர் வயதில் இவருடைய கற்பனை உதிர்ந்துவிட்டது என்று யார் சொல்ல முடியும்?

ஆனால் வாசலைத் தாண்டினால் பெரியவர்களுக்கு இடம் இல்லை. ஓய்வு பெற்ற பிறகு படம் வரையக் கற்றுக்கொள்ளலாம் என்று ஒரு விடுமுறை ஓவிய வகுப்பில் பெயர் கொடுக்கப் போனேன். பேரனுக்கா, பேத்திக்கா என்று கேட்டார்கள். எனக்குத்தான் என்றேன். பதினைந்து வயதுக்கு மேல் சேர்ப்பதில்லை என்று மரியாதையாகத்தான் சொன்னார்கள். இருந்தாலும் அந்தப் படியிறங்கும்போது மனசுக்குக் கஷ்டமாக இருந்தது. பெரியவர்களுக்கென்று ஊரில் நடப்பவை எல்லாம் யோகா வகுப்பும் சர்க்கரை நோய் முகாமும்தான். அவையும் வேண்டியவையே. ஆயினும் கையில் தூரிகையைக் கொடுப்பதற்கோ, "உங்களுக்கு என்ன தெரிந்துகொள்ள ஆசை?" என்று கேட்பதற்கோ எங்களுக்கும் ஓர் இடம் வேண்டும்.

ஆகவே தங்களிடம் ஒரு விண்ணப்பம். சிறுவர் பகுதியில் 'கேளுங்கள் சொல்கிறோம்' என்று பிள்ளைகளின் கேள்விகளுக்கு வாரந்தோறும் அரைப்பக்கம் ஒதுக்குகிறீர்கள். அதில் கேள்வியோடு வகுப்பையும் பள்ளியையும் எழுதி அனுப்பச் சொல்லியிருக்கிறீர்கள். அந்த நிபந்தனையை எடுத்துவிட்டு, வயதைக் கேட்காமல், தச்சர், கண்டக்டர், தையற்காரர், வீட்டிலிருக்கும் அம்மாக்கள் என்று எவர் அனுப்பினாலும் ஏற்றுக்கொள்ளுங்கள். அவரவர் தொழிலுக்குள்ளேயே கேட்கப்படாத கேள்விகள் எத்தனை புதைந்து கிடக்கின்றன என்பதை ஒரு சதுரக் கணக்கால் கற்றுக்கொண்டவன் என்பதால் இதை வற்புறுத்திக் கேட்கிறேன்.

முதல் கேள்வியை நானே அனுப்புகிறேன். பேத்தியும் நானும் சேர்ந்து எழுதியது. சாரல் காலத்தில் இங்கிருந்து புனலூருக்கு ரயிலில் போகும்போது, பகவதிபுரம் தாண்டிக் குகைக்குள் நுழைகையில் வெயிலடிக்கும். ஆரியங்காவுப் பக்கம் வெளியே வந்தால் மழை கொட்டிக்கொண்டிருக்கும். குகைக்கு மேலே, மலையின் முதுகில் சரியாக நடுவில் போய் நின்றால் ஒரு தோள் மட்டும் நனையுமா?

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
ஓய்வு பெற்ற மர டிப்போ கணக்கர்,
செங்கோட்டை.