ஒரு ‘அவன்’ போட்டுக் கெடுத்த படம்: குறைதீர்ப்பு அலுவலருக்குப் புகார்

அனுப்புநர்:
உங்கள் ஆண்டுச் சந்தாதாரர்,
பெரம்பூர், சென்னை.

பெறுநர்:
குறைதீர்ப்பு அலுவலர் அவர்கள்.

பொருள்: வாடகைக்கு எடுத்த ‘அசைலம்’ (1972) படத்தின் தமிழ் சப்டைட்டிலும் கதைச்சுருக்கமும் படத்தைக் கெடுத்தது, 120 ரூபாயைத் திருப்பிக் கேட்பது.

ஐயா / அம்மையீர்,

போன சனிக்கிழமை இரவு உங்கள் செயலியில் ‘அசைலம்’ என்ற பழைய பிரிட்டிஷ் திகில் படத்தை 120 ரூபாய் கொடுத்து வாடகைக்கு எடுத்தோம். வருடச் சந்தா கட்டியிருந்தும் இதற்குத் தனிக் காசு. சரி, அது உங்கள் வியாபாரம். அதற்காக நான் எழுதவில்லை. காசு வாங்கிக்கொண்டு படத்தின் முடிவையும் நீங்களே சொல்லிவிட்டீர்கள், அதுவும் இரண்டு தடவை. அதற்காகத்தான் எழுதுகிறேன்.

உங்கள் அலுவலகத்தில் இந்தக் கடிதத்தைப் பிரிப்பவர் படம் பார்த்திருப்பாரா, தெரியாது. அதனால் கதை கொஞ்சம் சொல்கிறேன், முடிவைச் சொல்லமாட்டேன். ஒரு இளம் டாக்டர் மனநல மருத்துவமனைக்கு வேலை கேட்டு வருகிறார். அங்கே சக்கர நாற்காலியில் இருக்கும் பெரிய டாக்டர் ஒரு பந்தயம் வைக்கிறார். அந்த இடத்தை நடத்திக்கொண்டிருந்த டாக்டர் ஸ்டார் மனம் பிறழ்ந்து இப்போது அங்கேயே நோயாளி. மாடியில் இருப்பவர்களைப் பார்த்துப் பேசி, அதில் ஸ்டார் யார் என்று கண்டுபிடித்தால் வேலை. இளைஞர் மாடிக்குப் போகிறார். நான்கு அறை, நான்கு பேர். பானி, புரூனோ, பார்பரா, பைரன். இரண்டு பெண்கள், இரண்டு ஆண்கள். ஆளுக்கொரு கதை.

ஒரே படத்தில் பல குட்டிக் கதைகளைக் கோத்துத் தருவதில் பேர் வாங்கிய அமிக்கஸ் கம்பெனி எடுத்தது. இயக்கம் ராய் வார்ட் பேக்கர். ராபர்ட் பிளாக் தன் சொந்தச் சிறுகதைகளையே திரைக்கதை ஆக்கியிருக்கிறார். தனித்தனியாகப் பார்த்தால் இந்த நாலு கதைகளும் ஆகா ஓகோ என்று சொல்லும்படி இல்லை. அவற்றை ஒரே கயிற்றில் கட்டி நிறுத்துவது ஒரே கேள்விதான்: ஸ்டார் யார்? அந்தக் கயிற்றைத்தான் நீங்கள் அறுத்தீர்கள்.

எங்கள் வீட்டில் அன்றைக்குப் பார்த்தது ஐந்து பேர். நான், என் வீட்டுக்காரர், பையன், என் அண்ணன், அண்ணி. பந்தயம் வைக்கும் காட்சியில் உங்கள் தமிழ் சப்டைட்டில் இப்படி வந்தது: “ஸ்டார் இங்கேதான் இருக்கான். அவன் யாருன்னு கண்டுபிடி.” அண்ணி உடனே, “அப்ப ரெண்டு பொம்பளையும் இல்ல” என்று சொல்லிவிட்டார். படம் ஆரம்பித்துப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை, புதிரில் பாதி காலி.

ஆங்கிலத்தில் ஒருவர் ஆணா பெண்ணா என்பதை மறைத்து எழுத வேண்டுமானால் தலைகீழாக நிற்க வேண்டும். தமிழில் அந்தத் தொல்லையே இல்லை. ‘அவர்’ என்று ஒரு சொல் இருக்கிறது. ஆணுக்கும் அதே, பெண்ணுக்கும் அதே. ‘அவர் யார் என்று கண்டுபிடியுங்கள்’ என்று போட்டிருந்தால் மூலத்தைவிட நம் மொழியில் ரகசியம் பத்திரமாக இருந்திருக்கும். ஏன் போடவில்லை? முந்தின வசனத்தைப் பார்த்தால் தெரிகிறது. அங்கே ஸ்டார் டாக்டராக இருந்த காலத்தைச் சொல்லும்போது ‘இருந்தார்’ என்றுதான் இருக்கிறது. நோயாளி ஆனதும் ‘இருக்கான்’. நோய் வந்த நிமிடமே மரியாதையை எடுத்துவிட்டார் உங்கள் மொழிபெயர்ப்பாளர். அந்த மரியாதையோடு ரகசியமும் போயிற்று.

படம் முழுக்க இதே கதைதான். டாக்டர்கள் எல்லாரும் ‘நீங்கள்’. நோயாளிகள் எல்லாரும் ‘நீ’. தையற்காரர் புரூனோவாக வருகிற பேரி மோர்ஸுக்குத் தலை நரைத்துவிட்டது, அவரிடம் அந்தச் சின்ன டாக்டர் “நீ சொல்லு” என்கிறார். ஆனால் அவர் கடை ஓரத்தில் துணி மாட்டி நிற்கும் பொம்மைக்கு ஓட்டோ என்று பெயர் இருப்பதால், அதற்கு மட்டும் ‘ஓட்டோ நிற்கிறார்’. நாங்கள் சிரித்த இடம் அது. படத்தில் சிரிக்க வேண்டிய இடம் அது இல்லை.

அப்புறம் மனநல மருத்துவமனையைக் குறிக்கும் ‘அசைலம்’ என்ற சொல் வருகிற ஒவ்வொரு இடத்திலும் ‘கீழ்ப்பாக்கம்’ என்று போட்டிருக்கிறீர்கள். இங்கிலாந்தில் நடக்கிற கதையில் வெள்ளைக்கார டாக்டர் கார் ஓட்டிக்கொண்டு கீழ்ப்பாக்கம் வருகிறார். சினிமாக் காமெடியில் கேட்டுக் கேட்டு நமக்குப் பழகிய சொல்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் என் அண்ணன் 11 வருடமாக அந்தக் கீழ்ப்பாக்கம் மனநல ஆஸ்பத்திரியில்தான் மருந்து வாங்குகிறார். மாதம் ஒரு தடவை கூடப் போவது நான். அயனாவரத்தில் மேடவாக்கம் டேங்க் ரோடு, எங்களுக்கு ஒரே பஸ். அங்கே வரிசையில் நிற்பவர்களைப் பார்த்தால் இரயில்வே ரிசர்வேஷன் வரிசை மாதிரிதான் இருக்கும். சப்டைட்டிலில் அந்தப் பெயர் முதல் தடவை வந்தபோது அண்ணன் எதுவும் சொல்லவில்லை. மூன்றாவது தடவை, “நம்ம ஏரியாவுலயே ஷூட்டிங் எடுத்திருக்கான் போல” என்றார்.

இந்த நாட்டில் 1912-இல் போட்ட சட்டத்தின் பெயரிலேயே ‘லூனசி’, அதாவது பைத்தியம், என்ற சொல் இருந்தது. 1987-இல் அதை எடுத்துவிட்டு மனநலச் சட்டம் என்று கொண்டுவந்தார்கள். அதற்குப் பதிலாக 2017-இல் மனநலப் பராமரிப்புச் சட்டம் வந்தது. சர்க்காரே இவ்வளவு தூரம் நடந்து வந்திருக்கிறது. நீங்கள் ‘லூசு’, ‘பைத்தியம்’, ‘மெண்டல் கேஸ்’ மூன்றையும் மாற்றி மாற்றிப் போட்டிருக்கிறீர்கள்.

படம் மட்டும் யோக்கியமா என்று நீங்கள் கேட்கலாம். இல்லை. நோயாளி என்றால் பயப்பட வேண்டும் என்ற பழைய நினைப்பில் எடுத்த படம்தான். அண்ணன் பார்த்துவிட்டுச் சொன்னதைவிட நல்ல விமரிசனம் எனக்குத் தெரியவில்லை: “நாலு பேர்ல ஒருத்தர்கிட்டயாவது மாத்திரை போட்டியான்னு யாரும் கேக்கல பாரு.” ஆனால் அது 1972-இல் எடுத்தவர்களின் குறை. சப்டைட்டில் இப்போது எழுதியது.

இனி இரண்டாவது தடவை. தையற்காரர் கதை முடிந்ததும் டீ போட நிறுத்தினோம். இன்னும் எவ்வளவு நேரம் ஓடும் என்று பார்க்கப் பையன் ‘மேலும் விவரம்’ பொத்தானை அழுத்தினான். உங்கள் கதைச்சுருக்கம் மொத்தம் மூன்று வரி. இரண்டாவது வரியில் ஸ்டார் யார் என்று இருக்கிறது. அவன் சத்தமாகப் படித்துவிட்டான். பாவம், வாயைப் பொத்திக்கொண்டான், பிரயோஜனம் இல்லை. அதற்குப் பிறகு பார்பராவாகச் சார்லட் ராம்ப்ளிங் வந்தார், லூசியாக பிரிட் எக்லண்ட் வந்தார், யாருக்கும் அக்கறை இல்லை. பைரனாக வரும் ஹெர்பர்ட் லாம் குட்டி பொம்மைகளைக் காட்டும்போது என் வீட்டுக்காரர் தூங்கிவிட்டார்.

முடிவு தெரிந்த பிறகும் எனக்கு மனதில் நின்றது ஒன்றுதான். தையற்காரரிடம் விநோதத் துணியைக் கொடுத்து, இறந்த மகனுக்காக சூட் தைக்கச் சொல்கிறவராகப் பீட்டர் குஷிங் வருகிறார். 1971 ஜனவரியில்தான் அவர் மனைவி இறந்திருந்தார். துக்கத்தில் இருக்கிற ஆளைப் பார்த்தவர்களுக்கு அந்த முகம் புரியும். முதல் கதையில் ஃப்ரீசரில் வைத்த, பிரவுன் பேப்பரில் சுற்றிய பொட்டலங்கள் நகர்வது பையனுக்குப் பிடித்தது. அண்ணிக்கும் அதுதான், ஆனால் அதற்குப் பிறகு எங்கள் ஃபிரிஜ்ஜைத் திறக்க மாட்டேன் என்றார்.

இதையெல்லாம் ஆறு வரியில் எழுதி, முடிவைச் சொல்லாமல், உங்கள் பார்வையாளர் கருத்துப் பகுதியில் போட்டேன். ‘தகாத சொல் உள்ளது’ என்று பத்து நிமிடத்தில் நிராகரித்தீர்கள். எந்தச் சொல் என்று சொல்லவில்லை. ஒவ்வொரு சொல்லாக எடுத்து எடுத்து மறுபடி அனுப்பினேன். ‘மனச்சிதைவு’ என்ற சொல்லை எடுத்ததும் ஏற்றுக்கொண்டது. அது என் அண்ணனுக்கு டாக்டர் எழுதிக் கொடுத்த நோயின் பெயர். என் கருத்துக்கு நேர்மேலே “நாலும் செம லூசுங்க, கடைசியில இவன்தான் ஸ்டார்” என்று பெயரோடு எழுதிய ஒருவர் 200 விருப்பக்குறியோடு உட்கார்ந்திருக்கிறார். அவருடையது தகுந்த சொல்.

உங்கள் வாடிக்கையாளர் சேவைக்கு ஞாயிற்றுக்கிழமையே எழுதினேன். “இணைய இணைப்பைச் சரிபார்த்து, செயலியை மறுபடி நிறுவவும்” என்று பதில் வந்தது. நிறுவிப் பார்த்தேன். ‘அவன்’ அப்படியே இருக்கிறான்.

நான் கேட்பது இவ்வளவுதான். 120 ரூபாயைத் திருப்பித் தரவும். கதைச்சுருக்கத்தின் இரண்டாவது வரியை இன்றைக்கே எடுக்கவும், இதற்குக் கமிட்டி எதுவும் தேவையில்லை. சப்டைட்டிலில் ஸ்டாரைச் சொல்லும் இடங்களிலெல்லாம் ‘அவர்’ என்றும், நோயாளிகளிடம் பேசும் இடங்களில் ‘நீங்கள்’ என்றும், ‘கீழ்ப்பாக்கம்’ வரும் இடங்களில் ‘மனநல மருத்துவமனை’ என்றும் திருத்தவும். என் கருத்தில் எடுக்கவைத்த சொல்லைத் திரும்பச் சேர்க்க அனுமதிக்கவும்.

2021 தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி நீங்கள் 24 மணி நேரத்துக்குள் இந்தப் புகார் கிடைத்ததாகச் சொல்ல வேண்டும், 15 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். அதுவரை காத்திருக்கிறேன். பதில் இல்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் பேசுவேன். பில், சப்டைட்டில் வந்த இடங்களின் படம், உங்கள் நிராகரிப்புச் செய்தி மூன்றையும் இணைத்திருக்கிறேன். சப்டைட்டில் படங்களை எடுத்து, எந்த நிமிடத்தில் வருகிறது என்று குறித்துக் கொடுத்தது அண்ணன்தான். மொத்தம் 31 இடம்.

இப்படிக்கு,
உங்கள் சந்தாதாரர்

பி.கு.: அந்த 31 படங்களில் கடைசி நான்கைத் திறக்கும்போது கவனம். முடிவு தெரிந்துவிடும்.