கம்பைலரைத் தூர்வார நன்கொடை கேட்கிறோம்

அன்புடையீர், வணக்கம்.

கும்பகோணத்தில் மகாமகக் குளத்துக்குப் பக்கத்துத் தெருவில், ஒரு மாடி அறையில் ஞாயிறுதோறும் கூடும் குழு நாங்கள். பாபநாசம், திருவிடைமருதூர், மன்னார்குடியிலிருந்து பஸ் பிடித்து வருகிறவர்களையும் சேர்த்துப் பதினோரு பேர். அதில் ஏழு பேர் கல்லூரி மாணவர்கள். இரண்டு வருஷமாக ஜிசிசி என்ற கம்பைலரில் பழைய நிபந்தனைக் குப்பையை அள்ளிக்கொண்டிருக்கிறோம். இந்தக் கோடையில் அதைக் கொஞ்சம் பெரிய அளவில் செய்ய ஆசை. கைக்காசு போதவில்லை.

நாம் எழுதும் நிரலை ப்ராசசருக்குப் புரியும் கட்டளைகளாக மாற்றித் தருவது கம்பைலரின் வேலை. ஜிசிசியை 1987-இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் வெளியிட்டார். இலவசம், மூலநிரலும் எல்லாருக்கும் திறந்தது. பம்புசெட்டைத் தானாக நிறுத்த ஆர்டுயினோ என்ற சின்னக் கணினி போர்டு வைத்து நம் பையன்கள் ப்ராஜெக்ட் செய்கிறார்களே, அந்த நிரலைக் கட்டித் தருவதும், அதாவது ஓடக்கூடியதாக மாற்றித் தருவதும், இதுதான்.

இத்தனை வருஷமாக எத்தனையோ வகை ப்ராசசர்களுக்கு வேலை செய்து வந்ததால், உள்ளே ‘இந்த மெஷினாக இருந்தால் இப்படிச் செய்’ என்ற நிபந்தனைகள் ஏராளமாகச் சேர்ந்துவிட்டன. பலவும் ‘#இஃப்டெஃப்’ என்ற வகை: மேக்ரோ எனப்படும் ஒரு பெயர் அந்த மெஷினுக்கு வரையறுக்கப்பட்டிருந்தால் மட்டும் அடுத்த வரிகளைச் சேர் என்பது. அதில் என்ன சிக்கல் என்றால், நிபந்தனை பொருந்தாத மெஷினில் அந்த வரிகளைக் கம்பைலர் படிக்கவே படிக்காது. அதற்கு முன்பே அவை வெட்டி எறியப்பட்டுவிடும். தண்ணீர் விடாத வாய்க்காலில் எங்கே உடைப்பு என்று யாருக்குத் தெரியும்?

போன புரட்டாசியில் எங்களுக்கே இது நடந்தது. எங்கள் பையன் ஒருவன் ஒரு மாறியின் பெயரை நான்கு இடத்தில் மாற்றினான். கம்பைல் ஆனது, சோதனைகள் எல்லாம் தேறின, அந்தத் திருத்தத்தை, அதாவது பேட்சை, ஜிசிசியைப் பராமரிப்பவர்களுக்கு அனுப்பினோம். இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது: ஐந்தாவது இடம் ஒன்று இருக்கிறது, வேறொரு ப்ராசசருக்கான #இஃப்டெஃப்புக்குள், அங்கே பழைய பெயரே நிற்கிறது, கட்டவே முடியவில்லை என்று. தேடிப் பார்த்திருக்கலாமே என்பீர்கள். தேடினான். அதே பெயர் அந்த ஃபைலில் வேறு வேறு அர்த்தத்தில் எங்கெங்கோ கிடந்தது, கண் தப்பிவிட்டது. அவன் அன்று மதியம் சாப்பிடவே இல்லை.

இதற்கு மருந்து எளிமையானது. #இஃப்டெஃப்பை எடுத்துவிட்டு, அந்த மேக்ரோ இல்லாத மெஷினில் அதன் மதிப்பு 0 என்று வைத்து, சாதாரண ‘இஃப்’ ஆக எழுதுவது. அப்போது கம்பைலர் எல்லா வரியையும் படித்துப் பிழை பார்க்கும். நிபந்தனை 0 என்று தெரிந்ததும் தேவையற்றதைத் தானே கழித்துவிடும். கடைசியில் வரும் நிரல் ஒரு பைட்டும் பெருக்காது. பிழை மட்டும் எந்த மெஷினிலும் உடனே கண்ணில் படும்.

இப்படித்தான் ‘சிசி0’ ஒழிந்தது. ஒப்பிடும் கட்டளையும் அதைப் பார்த்துத் தாவும் கட்டளையும் ஒட்டியே இருக்க வேண்டும், நடுவில் எதுவும் நுழையக் கூடாது என்ற ஆரம்பகால ஏற்பாடு அது. அந்த ஒரு ஏற்பாட்டுக்காக ஃபைலுக்கு ஃபைல் தனி நிபந்தனை. 2015-இல் அவற்றை #இஃப்டெஃப்பிலிருந்து இஃப்புக்கு மாற்றினார்கள். பிறகு அதை நம்பியிருந்த ப்ராசசர்களை ஒவ்வொன்றாக வேறு வழிக்குக் கொண்டுவந்தார்கள். 2022-இல் வந்த ஜிசிசி 12-இல் சிசி0 இல்லை. ஆர்டுயினோ யூனோ போர்டில் இருக்கும் ஏவிஆர் வகை ப்ராசசரும் இந்த மாற்றத்துக்கு ஆளானதுதான். மாற்ற ஆள் கிடைத்திராவிட்டால் அதற்கான ஆதரவே போயிருக்கும். பழைய அமிகா, அடாரி கணினிகளில் இருந்த 68000 வகை ப்ராசசருக்கு இந்த வேலை நடக்க, அதன் பிரியர்கள் காசு சேர்த்துப் பரிசுத்தொகை வைத்தார்கள். ஆக, கம்பைலருக்கு வசூல் செய்வது நாங்கள் கண்டுபிடித்த கூத்து இல்லை.

நீக்கிய மேக்ரோவின் பெயரை ஒரு விஷப் பட்டியலில் சேர்த்துவிடுவதும் வழக்கம். பிறகு யாராவது மறதியில் அதை எழுதினால் கம்பைலர் அங்கேயே நின்றுவிடும். ஒரு பெயரை அந்தப் பட்டியலில் ஏற்றும் நாளில் எங்கள் அறைக்கு டிகிரி காபி வரும்.

சரி, பணம் எதற்கு? ஒவ்வொரு பேட்சுக்கும் கம்பைலரை மூன்று முறை கட்ட வேண்டும். மெஷினில் ஏற்கெனவே இருக்கும் கம்பைலர் புதியதைக் கட்டும். புதியது தன்னையே கட்டும். அப்படி வந்தது மறுபடி தன்னைக் கட்டும். கடைசி இரண்டும் ஒத்துப்போக வேண்டும். அப்புறம் சோதனைத் தொகுப்பு முழுவதும் ஓட வேண்டும். எங்கள் லேப்டாப்பில் இரவு தொடங்கினால் விடிகாலை ஆகிறது. இரண்டாவது சுற்றில் கரண்ட் போய், பேட்டரியும் செத்துப்போன இரவுகள் நிறைய.

திறந்த மூல வேலைக்கென்று, தூரத்திலிருந்தே பயன்படுத்தும் மெஷின்களின் கூட்டமான ‘காம்பைல் ஃபார்ம்’ இலவசமாகக் கிடைக்கிறதே என்று விவரம் தெரிந்தவர்கள் கேட்பார்கள். அதையும் பயன்படுத்துகிறோம், நம்மிடம் இல்லாத ப்ராசசர்களுக்கு. ஆனால் உலகமே பகிர்ந்துகொள்ளும் மெஷின் அது. நேற்று கற்றுக்கொண்ட பையன் நாளுக்குப் பத்து தடவை தப்பாகக் கட்டிப் பழக, சொந்த மெஷின்தான் வேண்டும்.

16 கோர் கணினி ஒன்றுக்கு ரூ. 90,000. இன்வெர்ட்டர், பேட்டரிக்கு ரூ. 25,000. மே, ஜூன் இரண்டு மாதமும் தினம் வரப்போகும் ஐந்து மாணவர்களுக்குப் பஸ் செலவும் சாப்பாடும் சேர்த்து ரூ. 40,000. மொத்தம் ரூ. 1,55,000. நாங்களே போட்டது ரூ. 38,000. மீதி ரூ. 1,17,000 உங்களிடம் கேட்கிறோம்.

இதில் ‘உபயம்’ என்று பெயர் எழுத டியூப்லைட் கிடையாது. செய்து முடித்த பிறகு கம்பைலரைப் பயன்படுத்துகிறவருக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது; தெரிந்தால் நாங்கள் எதையோ கெடுத்துவிட்டோம் என்று அர்த்தம். வருமான வரிச் சலுகைக்கான சான்றும் எங்களிடம் இல்லை, முன்பே சொல்லிவிடுகிறோம். கையெழுத்திட்ட ரசீது உண்டு. மாதக் கணக்கை அறைச் சுவரில் ஒட்டுவோம். அனுப்பிய பேட்ச், ஏற்கப்பட்டது, திருப்பி அடிக்கப்பட்டது மூன்றையும் பக்கத்திலேயே ஒட்டுவோம்.

நூறு ரூபாயும் வாங்கிக்கொள்வோம். பணம் முடியாதவர்கள் சும்மா கிடக்கும் ரேம், எஸ்எஸ்டி தரலாம். சித்திரை முடிவதற்குள் கிடைத்தால் மாணவர்களின் விடுமுறை வீணாகாது. ஞாயிறு காலை பத்து மணியிலிருந்து பொருளாளர் அறையில் இருப்பார். மாடிப்படி இருட்டு, மூன்றாவது படி உடைந்திருக்கிறது. பார்த்து ஏறி வாருங்கள்.

இப்படிக்கு,
குழுவினர்