அம்மா திட்டின ஆளுக்கு ஒரு பூசை

பாம்பன்
20.10.2023

அன்புள்ள செல்வி,

ஆறு மாசமா ஒரு வரி எழுதலை. திட்டணும்னா நேர்ல வந்து திட்டு. இங்க எல்லாரும் சுகம். சின்னவன் பதினொண்ணு படிக்கிறான். அது போதும். எங்க அம்மாவைப் பத்திச் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

போன மாசம் 8ஆம் தேதி, சன் டிவி 'எதிர்நீச்சல்' சீரியல்ல ஆதி குணசேகரனா வந்த மாரிமுத்து செத்துப்போனாருல்ல, டப்பிங் பேசும்போதே நெஞ்சுவலி வந்து. அன்னைக்கு ராத்திரி அம்மா சாப்பிடலை. தினம் ஒன்பதரைக்கு "கட்டையில போறவனே"ன்னு அவரைத் திட்டின வாயி, "இப்படியா போவான்"னு அழுதுச்சு. மறுநாள் விடியறதுக்குள்ள கோயிலுக்குப் போயி அவர் பேருக்குப் பூசைக்குக் கொடுத்திருக்கு. "மாரிமுத்து யாரு, சொந்தமா?"ன்னு சர்ச்சு உபதேசியார் கேட்டாராம். "தினம் வீட்டுக்கு வர்ற ஆளு"ன்னுச்சாம்.

நான் அதட்டிட்டேன் செல்வி. "அவரு நடிகரும்மா, உன்னை அவருக்குத் தெரியுமா?"ன்னு. அம்மா பதிலே பேசலை. அதுதான் இன்னும் உறுத்துது.

மதுரையில படிக்கிற பெரியவகிட்டச் சொன்னேன். 1956லேயே டொனால்டு ஹார்ட்டன், ரிச்சர்ட் வோல்னு ரெண்டு பேர் இதை எழுதிட்டாங்களாம். திரையில இருக்கிறவர் நம்ம முகத்தைப் பார்த்துப் பேசிப் பேசியே பழகினவர் ஆயிடுறாரு, ஆனா அவருக்கு நம்மளைத் தெரியாது, ஒருதலையான உறவுதான்னு. நமக்கு இது புதுசா? இலங்கை வானொலியில அறிவிப்பாளர் கே.எஸ்.ராஜா குரல் கேட்டதும் உங்க தாத்தா சட்டையை மாட்டிக்கிட்டு உட்காருவாரே! இலங்கை டிவி ரூபவாஹினி தெரியணும்னு ஏரியலைக் கடல் பக்கம் திருப்பிட்டு, ஓட்டு மேல நின்னு நீ போட்ட கூப்பாடு!

ஆனா அம்மா கதை அதுல அடங்கலை. அப்பாவை எதிர்த்து அம்மா ஒரு சொல் சொல்லி நாம கேட்டிருக்கோமா? விரல்ல துணியைச் சுத்திக்கிட்டுக் கடல்பாசி எடுத்த காசை எண்ணாமக்கூட அவர் கையில கொடுக்கும். குழம்புல உப்புக் குறைஞ்சா தட்டு பறக்கும். ஒருநாள் உன் பாவாடையில வந்து விழுந்துச்சே. குணசேகரன் அந்த வீட்டுப் பொம்பளைகளைப் பார்த்து அதட்டும்போதெல்லாம் அம்மா நிமிர்ந்து உட்கார்ந்து பதில் சொல்லும். அத்தனையும் அப்பாவுக்குச் சேர வேண்டியது. இந்த மனுசன் ஒண்ணரை வருசம் திருப்பி அடிக்காமக் கேட்டுக்கிட்டாரு. அம்மா அவருக்கு அழாம யாருக்கு அழும்? இது எனக்கு ஒரு மாசம் கழிச்சுத்தான் புரிஞ்சுச்சு.

இப்ப அந்த இடத்துக்கு வேல ராமமூர்த்தி வந்திருக்காரு. நம்ம ஜில்லாதான், பெருநாழிக்காரர்னு சொன்னேன். "இருக்கட்டும்"னுச்சு. ரெண்டு வாரமா அவரைச் சும்மா பார்த்துக்கிட்டே இருந்துச்சு. நேத்துதான் மெதுவா, "உனக்கும் இருக்குடா"ன்னுச்சு. எனக்குக் கண்ணு கலங்கிருச்சு.

கிறிஸ்மசுக்கு வர்றேல்ல? ஒன்பதரைக்கு அம்மா பக்கத்துல உட்காரு. விளம்பரம் வர்ற வரைக்கும் வாயைத் திறக்காதே. உங்க அண்ணன் மாதிரி ரிமோட்டைப் பிடுங்குறவங்களைக் கூட்டிட்டு வராதே.

உன்
ஜெயா